சரக்கும் மனிதனும்

சரக்கு வண்டியை வழியனுப்ப எவரும் நிலையத்துக்கு வருவதில்லை. அது எப்போது வரும், எப்போது புறப்படும் என்று ஒலிபெருக்கி அறிவிப்பதுமில்லை. நாம் ஏறிய வண்டி நடுவழியில் நின்றுவிட்டால், "கிராசிங் போலிருக்கிறது" என்று சலித்துக்கொண்டு பக்கத்துத் தண்டவாளத்தை நோக்குகிறோம். அங்கே ஏதோ ஒன்று கறுத்து நீண்டு கிடக்கிறது. குழந்தைகள் மட்டும் பெட்டிகளை எண்ணத் தொடங்குகிறார்கள். நாற்பதைத் தாண்டியதும் அவர்களும் விட்டுவிடுகிறார்கள். நம் அடுப்பில் வேகும் அரிசியும், வயலுக்கு இட்ட உரமும், வீட்டுச் சுவரில் பூசிய சிமெண்டும் பெரும்பாலும் அப்படிப்பட்ட ஒரு நீளத்துக்குள் அடைபட்டுத்தான் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தன என்னும் நினைவு நமக்கு எழுவது அரிது.

சென்ற ஆடி மாதத்தில் ஒரு நாளை இவ்வண்டிகளைப் பார்ப்பதற்கென்றே நாம் ஒதுக்கினோம். இடம், வாஞ்சி மணியாச்சி சந்திப்பு. துணைக்கு வந்தவர் நம் பங்கைச் சேர்ந்த முதியவர். இரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பர். நாமும் அவ்வாறே அழைப்பது வழக்கம். "சாமிக்குக் கூட்ஸ் வண்டியில என்ன சோலி?" என்று நடைமேடையில் தேநீர் விற்றவர் கேட்டார். அண்ணாச்சி முந்திக்கொண்டார்: "நீரு நித்தமும் பாக்கேரே, உமக்கென்ன சோலின்னு யாராவது கேட்டாவளா?"

மணியாச்சி என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது 1911 ஜூன் 17ஆம் நாள். திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் இந்த நிலையத்தில் இரயில் பெட்டியில் அமர்ந்திருந்தபோது வாஞ்சிநாதன் அவரைச் சுட்டார்; பின்பு தம்மையும் சுட்டுக்கொண்டு மாண்டார். நிலையத்தின் பெயரே அந்நிகழ்ச்சியின் நினைவாக அமைந்துவிட்டது. ஆயினும், ஆட்சியரின் பெட்டி அன்று அங்கே நின்றிருந்த காரணத்தைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. தூத்துக்குடியிலிருந்து வரவேண்டிய போட் மெயிலுக்காக அது காத்திருந்தது. வண்டியின் பெயரிலேயே கப்பல் இருக்கிறது. 1876இல் மதுரையிலிருந்து தென்கோடிக்கு மீட்டர் பாதை போடப்பட்டபோது, முதன்மைப் பாதை தூத்துக்குடிக்கே சென்றது. மணியாச்சியில் பிரிந்து நெல்லைக்குப் போனது வெறும் கிளை. தாமிரவருணியின் இரு கரையிலும் இருந்த நெல்வயல்களும் கோயில் நகரங்களும் இரயிலுக்கு இரண்டாமிடந்தான். இரயில் தேடிப்போனது கடலை. கரிசல் காட்டுப் பருத்தி கப்பலேற வேண்டியிருந்தது. மக்கள் தாது வருடப் பஞ்சம் என்று பெயரிட்டு இன்றும் அஞ்சும் அந்தக் கொடுமை தொடங்கியதும் அதே 1876ஆம் ஆண்டில்தான்.

மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஓர் இரயில் பாதைக்கு இஃது ஒரு குறுந்தொலைவு. ஆனால் அதன் முனையில், 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனாரின் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் இருக்கிறது. காலை ஒன்பது மணியளவில் அத்திசையிலிருந்து நிலக்கரி வண்டியொன்று மெல்ல வந்து, முதன்மைப் பாதையை விட்டு விலகி, பக்கத்து லூப் பாதையில் நுழைந்து நின்றது. ஆடிக்காற்று கரிசல் புழுதியையும் கரித்தூளையும் கலந்து நம் அங்கிமேல் இறைத்தது. எண்ணினோம்: 58 வேகன்கள். வெறும் வேகனின் எடை இருபத்திரண்டு டன்னுக்குச் சற்று மேல் என்றும், கரி ஏறத்தாழ 60 டன் ஏறும் என்றும் அண்ணாச்சி கூறினார். ஆக, நம் கண்முன் நின்ற கரி மட்டும் மூவாயிரத்து ஐந்நூறு டன்னை நெருங்கும். ஒவ்வொரு வேகனின் பக்கத்திலும் 11 இலக்க எண்ணொன்று வெள்ளை வண்ணத்தில் எழுதப்பட்டிருந்தது. முதல் இரண்டு இலக்கங்கள் வேகனின் வகையையும், அடுத்த இரண்டு அது எந்த இரயில்வேக்குச் சொந்தம் என்பதையும், அதற்கடுத்த இரண்டு அது செய்யப்பட்ட ஆண்டையும் சொல்லும். எங்கே பிறந்தது, யாருடையது, எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் அதன் மேனியிலேயே எழுதியிருக்கிறது.

அந்த வண்டி அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றது. பழுது ஏதுமில்லை. பயணியர் வண்டிகள் கடந்து போகும்வரை காத்திருந்தது, அவ்வளவே. முதலில் ஒன்று நெல்லையை நோக்கிப் போயிற்று. சன்னலோரத்தில் ஒரு தாய் குழந்தைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அடுத்து ஒன்று வடக்கே போயிற்று. "ஆளு போன பொறவுதான் சாமி சரக்கு போவணும். அதுதான் வழமை" என்றார் அண்ணாச்சி. கல்லூரிக்குப் போகும் பையன் ஒருவனும், பனங்கிழங்குக் கூடையோடு ஏறிய மூதாட்டி ஒருத்தியும் போவதற்காக, கோடி ரூபாய் பெறுமான கரி ஒதுங்கி நிற்கிறது! எவரும் இதை அறச்செயல் என்று சொல்வதில்லை. போக்குவரத்து ஒழுங்கு என்றுதான் சொல்வர். எனினும் உயர்ந்த ஒரு தீர்ப்பு அந்த ஒழுங்குக்குள் அடங்கியிருக்கிறது. ஆளுக்கும் பொருளுக்கும் பாதை ஒன்றேயாயின், விலகவேண்டியது பொருள். இந்நாட்டின் சந்தைகளிலும் அலுவலகங்களிலும் நாம் அடிக்கடி காணாத ஒரு முறைமையை, லூப் பாதையொன்றில் கண்டோம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஒதுங்கி நின்ற அந்தக் கரிதான் நம் பயணத்துக்குப் பணமும் செலுத்துகிறது. இரயில்வேயின் வருவாயில் பெரும்பகுதி, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு, சரக்குக் கட்டணத்தினின்று வருகிறது. பயணச் செலவில் சராசரியாக 57 விழுக்காடே கட்டணமாகத் திரும்பக் கிடைக்கிறது என்று பயணச்சீட்டிலேயே இரயில்வே அச்சிட்டு வந்ததை வாசகர்கள் கண்டிருக்கலாம். மீதியைச் சுமப்பது பெரும்பாலும் சரக்கே. ஆகவே சன்னலோரத் தாயின் சீட்டில் ஒரு பங்கைக் கரி கொடுத்தது எனலாம். சரக்கு இல்லாத இடத்தில் பாதையே இல்லாது போவதையும் நம் பகுதி கண்டிருக்கிறது. திசையன்விளைக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் இடையே இரண்டடி அகலப் பாதையில் ஒரு சிற்றிரயில் ஓடிற்று. பாரி நிறுவனத்தார் குலசையில் நடத்திய சர்க்கரை ஆலைக்காக, தேரிக்காட்டுப் பனைகளின் விளைச்சலை நம்பி இடப்பட்ட பாதை அது. மக்களும் அதில் ஏறிப் போனார்கள். 1940இல் அது நின்றது. இன்று அந்தத் தண்டவாளங்களைத் தேடினால் கிடைப்பது மணலும் பெரியோர் வாய்மொழியுந்தான். பதநீருக்கு விருந்தாளிகளாக அப்பாதையில் போன மக்கள், பதநீர் போனபின் மீண்டும் நடந்தார்கள்.

அண்ணாச்சி சொன்ன வழமையும் எப்போதும் நின்று நிலைப்பதில்லை. 2022 ஏப்ரல் இறுதியில் அனல்மின் நிலையங்களில் கரி குறைந்தபோது, கரி வண்டிகளுக்கு வழிவிடுவதற்காக நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட பயணியர் வண்டிச் சேவைகள் நிறுத்தப்பட்டன. மின்சாரமும் மக்களுக்குத்தானே என்பர். உண்மைதான், அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் 2020இல் நிகழ்ந்ததை அவ்வளவு எளிதில் கடந்துபோக இயலாது. ஊரடங்கில் பயணியர் வண்டிகள் அனைத்தும் நின்றன. சரக்கு வண்டிகள் ஓடின. அவை ஓடியதால்தான் நாம் உண்டோம். வேலையிழந்த தொழிலாளர்கள் சொந்த ஊருக்குத் தண்டவாளத்தின்வழியே நடந்தார்கள். மே 8ஆம் நாள் விடியற்காலை, மராட்டியத்தில் ஔரங்காபாத் அருகே, களைத்துப்போய்ப் பாதையிலேயே உறங்கிவிட்ட 16 பேர் மீது ஒரு சரக்கு வண்டி ஏறிற்று. வண்டிகள் ஓடவில்லை என்று அவர்கள் எண்ணியிருந்தனர் எனச் செய்திகள் கூறின. பொருள்களுக்குரிய வண்டி உரிய பாதையில் போயிற்று. மனிதர்களுக்குத்தான் அன்று வண்டியில்லை. ஓட்டுநரைக் குறைசொல்ல இதில் ஏதுமில்லை. தண்டவாளத்தில் கிடந்த சப்பாத்திகளின் படத்தை நாளிதழ்களில் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

நண்பகலுக்குப்பின் நெல்லைக்குத் திரும்பினோம். தாழையூத்தைக் கடந்ததும் கரிசல் விலகி ஆற்றுப் பாசனத்தின் பச்சை தெரிகிறது. கண்ணுக்கு ஓர் ஆறுதல். சந்திப்பையொட்டிய கூட்ஷெட்டில் அரிசி வேகன்கள் நின்றன. இங்கே அண்ணாச்சியின் நண்பர் ஒருவர், சுமைப்பணித் தொழிலாளி, நம்மைத் தம் அருகில் மூட்டைமீது அமர்த்தி, பல செய்திகளைச் சொன்னார். அவற்றுள் இரண்டு நம் உள்ளத்தைவிட்டு அகலவில்லை.

ஒன்று, ஆர்.ஆர். எனப்படும் சரக்கு இரசீது. சரக்கை ஏற்றியவுடன் இரயில்வே தருகின்ற இந்தச் சீட்டு யார் கையில் உரிய கையொப்பத்தோடு இருக்கிறதோ, அவரே சரக்கை எடுத்துக்கொள்ளலாம். வண்டி ஆந்திராவைத் தாண்டிக்கொண்டிருக்கும்போதே, ஓர் அறையில் கையொப்பமிட்டு, உள்ளிருக்கும் சரக்கை வேறொருவருக்கு விற்றுவிடலாம். அரிசிக்கு அது தெரியாது, தெரியவேண்டியதுமில்லை. மற்றொன்று, டெமரேஜ். வேகனை இத்தனை மணி நேரத்துக்குள் காலிசெய்ய வேண்டும் என்று கெடு உண்டு. கெடு தவறினால் வேகன் ஒன்றுக்கு மணிக்கு இவ்வளவு என்று சரக்குக்குரியவர் தண்டம் கட்டவேண்டும். இறக்கிய சரக்கை எடுக்காமல் ஷெட்டிலேயே போட்டுவைத்தால் அதற்கும் ஒரு கட்டணம். பொருளின் காத்திருப்புக்கு ஒரு விலை இருக்கிறது என்பது இதன் கருத்து.

"எங்க காத்திருப்புக்கு ஏது சாமி டெமரேஜ்?" என்று அவர் சிரித்தார். வண்டி இரவு பத்துக்கு வரும் என்பார்கள். விடியற்காலை நான்குக்கு வரும். அதுவரை திண்ணையில் படுத்திருக்க வேண்டும். வந்தபின் ஓட்டந்தான், வேகனுக்குக் கெடு ஓடத் தொடங்கிவிடுகிறதன்றோ? கூலி மூட்டைக் கணக்கில். காத்திருந்த ஆறு மணி நேரம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. இருபத்தொரு வேகன்கள் கொண்ட பாதி ரேக்கில் ஏறத்தாழ 1,300 டன் அரிசி வருகிறது என்று வைத்துக்கொண்டால், 50 கிலோ மூட்டையாக அது 26,000 மூட்டைகள். நாம் ஒரு பழைய இரசீதின் பின்புறத்தில் கணக்கிட்டு, சரிதானா என்று கேட்டோம். அவர் எண்ணைப் பார்க்காமலேயே, "முன்னால எல்லாம் நூறு கிலோ மூட்டை சாமி. இப்ப அம்பது. அது ஒண்ணுதான் நல்லது நடந்திருக்கு" என்றார்.

பெயர்களை மாற்றுவதில் நம் காலம் வல்லது. நிலையங்களில் பெட்டி தூக்குவோரைக் கூலி என்னாது 'சகாயக்' என அழைக்கவேண்டும் என்று 2016இல் இரயில்வே நிதிநிலை அறிக்கை கூறிற்று. சரக்கு வண்டியின் கடைசியில் கொடியோடு போகும் கார்டு, 2022 முதல் 'டிரெயின் மேனேஜர்' ஆனார். இவை வீண் என்று நாம் கருதவில்லை. பெயரில் மரியாதை இருக்கத்தான் வேண்டும். ஆனால் 'கூலி' என்ற சொல்லின் கதையைச் சற்று நின்று நோக்கலாம். நம் மொழியில் கூலி என்பது வேலைக்குக் கிடைக்கும் ஊதியம். உழைப்பாளி பெறுகின்ற ஒன்று. ஆங்கிலேயரின் ஏடுகளில் அது உழைப்பாளியின் பெயராகவே ஆகிவிட்டது. அச்சொல்லின் பிறப்பிடம் பற்றி வேறு கருத்துடையோரும் உளர். ஆயினும் தமிழகத்திலிருந்து கடல்கடந்தோரைப் பொறுத்தமட்டில் நிகழ்ந்தது இதுவே. பெறுகின்றவன் மறைந்தான், கொடுக்கப்படும் காசே அவன் பெயராயிற்று.

காலையில் கரி வண்டி வந்த பாதையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தட்டப்பாறை என்றொரு சிறு நிலையம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளரைத் தங்கவைக்கும் முகாம் இலங்கை அரசால் அங்கே நடத்தப்பட்டது. 1914இல் தனுஷ்கோடி வழி திறந்தபின் மண்டபம் முகாமே பெரிதாயிற்று. அதற்குமுன் தூத்துக்குடியே அவர்களுக்கு முதன்மையான வாசல். கங்காணி ஊரூராய்ச் சென்று ஆள் சேர்ப்பார். நோய் பரவாதிருக்க அம்முகாமில் சில நாள் நிறுத்திவைத்துச் சோதித்து, பின்பு கப்பலேற்றுவார்கள். 1901ஆம் ஆண்டளவில் தகரச் சீட்டு முறை ஒன்று வந்தது. சிறு தகர வில்லை. அதில் தோட்டத்தைக் குறிக்கும் எண் பொறித்திருக்கும். அதைக் காட்டினால் இரயில் செலவும் கப்பல் செலவும் தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். ஆளைத் தவறான தோட்டத்துக்கு யாரும் திருப்பிவிட முடியாது. அந்தக் கணக்கு பெரும்பாலும் பின்னர்த் தொழிலாளியின் கடனாகவே அவன் தலையில் ஏறிற்று. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபின் 'துண்டு' வந்தது. இன்ன தொகை கடனைச் செலுத்தினால் இன்னாரை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். அதைக் கொண்டு கங்காணியும் அவர் ஆட்களும் ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்துக்குக் கடனோடு கைமாறினர். 1921இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

கூட்ஷெட்டில் கேட்ட ஆர்.ஆர். சீட்டை வாசகர்கள் இப்போது நினைவுகூர்வார்கள். நாமும் நினைத்தோம். மூட்டைக்குச் செய்வதை ஆளுக்குச் செய்ய வேண்டுமென்று எவரும் தீய நோக்கோடு உட்கார்ந்து திட்டமிட்டதாக நாம் கருதவில்லை. தகரச் சீட்டு, கங்காணிகளின் ஏமாற்றைத் தடுக்கும் நல்ல ஒழுங்கென்றே அன்று மெச்சப்பட்டது. கணக்கு ஒழுங்காக வேண்டும், செலவு உரியவர்மீது விழ வேண்டும், வழியில் இழப்பு கூடாது: இவையெல்லாம் சரக்கை அனுப்புவோரின் நியாயமான கவலைகள். நியாயமான கவலைகள் வழியாகவே அது நடந்தது என்பதுதான் அச்சந்தருவது.

அரசுகளும் இதற்கு விலக்கல்ல. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். 9,75,000 பேர் என்று எண்ணப்பட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை அன்று பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தனர். ஏழு பேர் இந்தியாவுக்குப் போனால் நான்கு பேருக்கு இலங்கையில் குடியுரிமை என்பது விகிதம். ஏழுக்கு நான்கு! பங்கு வைக்கும்போது அம்மக்களின் பேராளர்களைக் கலந்து முடிவு செய்யவில்லை. அவர்கள் மலைநாட்டிலேயே பிறந்தவர்கள். பலருடைய பெற்றோரும் அங்கேயே பிறந்தவர்கள். போர்த்துகீசியர் காலத்துச் சங்கிலிகளைப் பற்றி வகுப்பறைகளில் வருந்திப் பேசும் நாம், நம் வாழ்நாளுக்குள் அடங்கும் இந்த விகிதத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

புனித அக்குவினா தோமையார், 'ஆள்' என்னும் சொல்லுக்கு இலக்கணம் வகுக்குமிடத்து, மற்றப் பொருள்கள் செலுத்தப்படுவன. அறிவுடைய ஆளோ செலுத்தப்படுவதோடு அமையாது தானே செயற்படுவோன், தன் செயலுக்குத் தானே தலைவன் என்ற கருத்தைத் தருகிறார். குருமடத்தில் இதைப் படித்தபோது நமக்கு அது ஓர் இலக்கணப் பிரிவாகவே இருந்தது. லூப் பாதையில் நிற்கும் கரியைப் பார்த்துக்கொண்டு அதை மீண்டும் எண்ணியபோது, அது மிக எளிய சோதனையாகத் தோன்றிற்று. எங்கே போகிறாய் என்று கேட்டால் விடை சொல்ல அதற்கு இயலுமா? கரிக்கு இயலாது. தகரச் சீட்டோடு நின்றவனுக்கு இயலும்; ஆனால் அவனைக் கேட்டார் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். மனிதன் சுமக்கப்படுவது இழிவா? நாம் யாவரும் தாயின் இடுப்பில் சுமக்கப்பட்டோம். வெள்ளத்தில் முதியோரைக் கட்டிலோடு தூக்கிக் கரைசேர்த்த இளைஞர்களை 2023 டிசம்பர் வெள்ளத்தில் நெல்லையும் தூத்துக்குடியும் கண்டன. அவ்வெள்ளத்தில், திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட விரைவு வண்டி திருவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டு, நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீர் சூழ்ந்த நிலையத்தில் சிக்கிக்கொண்டனர்; அப்பால் பாதையின் கல்லும் மண்ணும் அரிக்கப்பட்டு, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. அருகிலிருந்த ஊர் மக்கள் தம் வீடுகளே நனைந்திருக்க, சமைத்துக்கொண்டு போய் உணவளித்தார்கள். அந்தப் பயணிகள் அன்று தாமாக எங்கும் போக இயலாதவர்கள். எனினும் அவர்கள் சரக்காகவில்லை. இறுதியில் நான்கு பேர் தோளில் நாம் போவதும் இழிவன்று. சுமக்கப்படுதல் வேறு, அனுப்பப்படும் பண்டமாதல் வேறு. முன்னதில் சுமப்பவர் நம் முகத்தைப் பார்க்கிறார். பின்னதில் சீட்டை மட்டும் பார்க்கிறார். கூட்ஷெட்டில் ஒருவர் மற்றொருவரின் முதுகில் மூட்டையை ஏற்றிவிடும்போது, "பாத்து, பாத்து" என்று சொன்னதை நாம் பலமுறை கேட்டோம். மூட்டைக்காகவா, முதுகுக்காகவா என்று பிரித்தறிய நம்மால் இயலவில்லை. இரண்டுக்குமாக இருக்கலாம்.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் 'ஃபோர்த்தியோன்' என்றொரு சொல் உண்டு. சுமக்கப்படுவது என்பது அதன் பொருள். நாம் பாரம் என்று வழங்கும் வடசொல்லுக்கும் அதற்கும் மூலவேர் ஒன்றே என்பது மொழிநூலார் கருத்து. கலாத்தியருக்கு எழுதிய மடலின் இறுதி அதிகாரத்தில், ஒருவர் மற்றவருடைய சுமைகளைத் தாங்கவேண்டும் என்று கூறும் பவுல் அடிகளார், மூன்று வசனங்கள் தள்ளி, ஒவ்வொருவருக்கும் தாமே சுமக்கவேண்டிய சுமை ஒன்று உண்டு என்கிறார். இரண்டும் முரண் என்று தோன்றும். மூலத்தில் சொற்கள் வேறு. இரண்டாம் இடத்தில் வருவது ஃபோர்த்தியோன். ஒருவனுடைய வாழ்வுக்கு அவனே பொறுப்பு, அதை அவன் தோளிலிருந்து எவரும் பறித்துவிடலாகாது என்று நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். இதே சொல் திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரத்தில் கப்பலின் சரக்கைக் குறிக்கிறது.

அந்த அதிகாரத்தை ஒரு சரக்குக் கப்பலின் கதையாகப் படித்தவர் குறைவு. அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குக் கோதுமை ஏற்றிச்சென்ற கப்பல் அது. பவுல் அடிகளார் அதில் பயணியல்லர், கைதி. யூலியு என்னும் நூற்றுவர் தலைவர் உரோமையில் ஒப்படைக்கவேண்டிய ஆள்களுள் ஒருவர். சரக்கைத் தவறவிட்டவர் தண்டம் கட்டுவது போல், கைதியைத் தவறவிட்ட காவலர் தம் உயிரையே தரவேண்டிய காலம். கிரேத்துத் தீவில் நிற்கும்போதே, மேலும் போனால் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமன்றி உயிர்களுக்கும் கேடு வரும் என்று பவுல் எச்சரித்தார். நூற்றுவர் தலைவர் கப்பலோட்டியின் சொல்லையும் கப்பல் உரிமையாளரின் சொல்லையுமே கேட்டார். சரக்கு காத்திருக்க முடியாது என்பது அன்றும் வலிய வாதமாக இருந்திருக்கும். பின்பு புயல். முதலில் சரக்கில் ஒரு பகுதியை எறிந்தார்கள். மறுநாள் கப்பலின் தளவாடங்களை எறிந்தார்கள். பதினான்காம் இரவுக்குப்பின் அனைவரும் உண்டு பசியாறி, எஞ்சியிருந்த கோதுமையையும் கடலில் கொட்டினார்கள். கரை கண்ணுக்குத் தெரிந்தபோது, கைதிகள் நீந்தித் தப்பிவிடுவர் என்று அஞ்சிய படைவீரர்கள் அவர்களைக் கொன்றுவிட எண்ணினார்கள். கணக்குப்படி அது சரியே. இறந்த கைதியைப் பற்றி எவரும் தண்டம் கேட்பதில்லை. பவுலைக் காப்பாற்ற விரும்பிய நூற்றுவர் தலைவர் அதைத் தடுத்தார். பதினான்கு நாள் ஒரே கப்பலில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவர். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கட்டும், மற்றவர்கள் பலகைகளைப் பற்றிக்கொண்டு வரட்டும் என்று ஆணையிட்டார்.

கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். அனைவரும் கரையேறினர். கோதுமையின் உரிமையாளர் தம் ஏட்டில் அன்று என்ன எழுதினார் என்பதை லூக்கா குறித்துவைக்கவில்லை.